பார்வையற்ற மாணவருக்குப் பாடக்குறிப்பு தயாரிப்பது எப்படி?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு, ஆகவே பார்வையற்ற மாணவர் ஒருவர் உங்கள் வகுப்புக்கும் ஒருநாள் வருவார். உடனே லேப்டாப் வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அதில் திறக்க நாம் கொடுக்கும் ஃபைல் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் உங்கள் கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளை, நிறுவுங்கள். இலவசம்தான். இன்சர்ட், கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரல் அமைப்பு திறக்கும், அங்கே ஈஸ்பீக்கையும் அதில் தமிழையும் தேர்ந்தெடுங்கள். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் கொஞ்சம் தகரத்தைத் தட்டியதுபோல இருக்கும், பழகிவிடும். நிறுத்த இன்சர்ட்டும் க்யூவும்.

இப்போது உங்கள் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்து கேளுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் தூக்கிவாரிப்போடும். நம் கண்ணுக்கு 'அம்மா', ஆனால் உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, ஸ்கிரீன் ரீடரோ போர்வையைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இனிமேல் அடிப்பதையாவது யூனிகோடிலேயே அடியுங்கள் (டிடிபி கடைக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை).

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம், உள்ளே எழுத்தே கிடையாது. கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழையும் எழுத்தாகப் பிரித்துத் தரும். பிழை இருக்கும், உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

அடுத்து தலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. வேர்டில் அந்த வரியில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்துங்கள், அது கணினிக்கும் தலைப்பாகிவிடும். அப்புறம் மாணவர் என்விடிஏவின் பிரவுஸ் மோடில் (விசைகள் எழுத்தை அடிக்காமல் இடம்விட்டு இடம் தாவ உதவும் நிலை) எச் விசையைத் தட்டித்தட்டி நேராகத் தனக்கு வேண்டிய பகுதிக்குப் போய்விடலாம், நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

வரைபடம், அட்டவணை இருந்தால் படத்தின் ஆல்ட் டெக்ஸ்டில் (ஸ்கிரீன் ரீடர் படத்துக்குப் பதிலாக வாசிக்கும் விளக்கம்) அது என்ன சொல்ல வருகிறது என்று ஓரிரு வரி எழுதுங்கள். 'படம் 3' என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை.

சரி, முடித்தாயிற்றா? மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் மூன்றாவது தலைப்புக்குப் போய் ஒரு பத்தியைக் கேட்டுப் பாருங்கள். எங்கே திணறினீர்களோ, அனுப்புவதற்கு முன் அந்த இடத்தைத் திருத்துங்கள்.