மழைக்கு முன்னாடி பெர்ஃபார்மன்ஸ் டயர் மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கடலூர்ல இருந்து பாண்டிக்கு தினமும் கார்ல போயிட்டு வர்றவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஐப்பசி கார்த்திகை வந்துட்டா ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம்னு ரோட்டோரம் அங்கங்க தண்ணி நிக்கும், எதிர்ல பஸ் வேற வாரி அடிச்சுட்டுப் போவான். அதனால பெர்ஃபார்மன்ஸ் டயர்னா ஸ்பீடா போறவங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க, ஈரத்துல பிரேக் அடிச்சா எவ்ளோ சீக்கிரம் நிக்குதுங்கறதுதான் நமக்கு பெர்ஃபார்மன்ஸ்.

நெறய பேர் பண்ற மொத தப்பு அகலம். நானும் பண்ணேன். என் ஸ்விஃப்ட்ல வந்தது 185/65 ஆர்15 (அதாவது அகலம் 185 மிமீ, பக்கவாட்டு உயரம் அந்த அகலத்துல 65 சதவீதம், ரிம் 15 இன்ச்), அகலமா போட்டா கிரிப் ஜாஸ்தின்னு கடைல சொன்னத நம்பி அதே ரிம்ல 205/65 போட்டேன். காஞ்ச ரோட்டுல நல்லாதான் இருந்துச்சு. ஒருநாள் நல்ல மழை, 70ல வந்துட்டிருக்கேன், கிருமாம்பாக்கம் கிட்ட தேங்கின தண்ணில ஏறினதும் ஸ்டியரிங் அப்படியே லேசாயிடுச்சு, திருப்பினா கார் கேக்கவே இல்ல, ஒரு ரெண்டு செகண்ட்தான் இருக்கும், ஆனா பின்னாடி என் பொண்ணு உக்காந்திருந்தா. டயர் அகலமாக ஆக முன்னாடி இருக்கற தண்ணிய தள்ள வேண்டிய வேலையும் ஜாஸ்தி, தள்ள முடியலன்னா டயர் தண்ணி மேல மெதக்க ஆரம்பிச்சிடும். அது மட்டும் இல்ல, 185/65 ஆர்15 மொத்த உயரம் சுமார் 621 மிமீ, 205/65 போட்டா 647, அதாவது 4 சதவீதம் பெருசு, மீட்டர் அதே 80 காட்டினாலும் கார் முன்ன விட வேகமா போயிட்டிருக்கும். ரெண்டு சதவீதத்துக்கு மேல மாறாம பாத்துக்கோங்க.

ரிம்மும் சேத்து மாத்தறதா இருந்தா 195/55 ஆர்16 உயரத்துல கிட்டத்தட்ட சரியா வரும். ஆனா சைடுவால், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற டயரோட பக்கவாட்டுச் சுவர், 120 மிமீல இருந்து 107க்கு எறங்கிடும், மழைக்கப்புறம் நம்ம ரோட்டுல இருக்கற பள்ளத்துல விட்டா சைடுவால்ல கொப்புளம் வந்து டயரே போயிடும். என்னக் கேட்டா 15லயே இருங்க, அளவ மாத்தாம நல்ல ரப்பரா மாத்துங்க.

ரப்பர்னதும் அடுத்த தப்பு, எது ரொம்ப நாள் ஒழைக்கும்னு மட்டும் கேக்கறது. ஸ்போர்ட்டியான டயர்ல ரப்பர் மெத்துனு இருக்கும், கிரிப் நல்லா இருக்கும், சீக்கிரம் தேயும், ரெண்டும் சேந்தேதான் வரும். சில டயர் சைடுவால்ல டிரெட்வேர்னு ஒரு நம்பர் (எவ்ளோ மெதுவா தேயும்ங்கறதுக்கு), பக்கத்துல டிராக்ஷன்னு ஏஏ, ஏ, பி, சின்னு (ஏஏதான் பெஸ்ட்) போட்டிருக்கும். டிரெட்வேர் நம்பர் அந்தந்த கம்பெனியே டெஸ்ட் பண்ணிப் போடறது, அத வெச்சு ரெண்டு கம்பெனி டயர நேருக்கு நேர் ஒப்பிடாதீங்க. டிராக்ஷன் எழுத்து ஈர ரோட்டுல நேரா பிரேக் அடிச்சுப் பாத்து குடுக்கறது, நமக்கு வேண்டியதே அதான்.

டயர் தயாரிச்ச தேதி பாக்காம வாங்காதீங்க. சைடுவால்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பர், 3522னா 2022ல 35வது வாரம். டயர மாட்டறதுக்கு முன்னாடி நாலுலயும் பாருங்க, மாட்டினப்புறம் கேட்டா யாரும் கழட்டித் தர மாட்டாங்க. அளவுக்குப் பக்கத்துல இருக்கற லோடு நம்பர் (எவ்ளோ எடை தாங்கும்), ஸ்பீடு எழுத்து (எவ்ளோ வேகம் தாங்கும்) ரெண்டும் பழசுல இருந்தத விட கொறையக் கூடாது.

ரெண்டே டயர் மாத்தறீங்கன்னா புதுச முன்னாடி போடாதீங்க. முன்னாடிதான் இழுக்குது, அங்கதான தேயுதுன்னு மெக்கானிக்கே கூட சொல்லுவாங்க. ஆனா ஈரத்துல முன் டயர் வழுக்கினா ஸ்டியரிங்ல தெரியும், ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா திரும்பப் புடிச்சிக்கும். பின்னாடி மொட்டை டயர் இருந்து அது வழுக்கினா கார் சுத்திடும், நம்மள மாதிரி சாதாரணமா ஓட்டறவங்களால அதப் புடிக்க முடியாது. புதுசு ரெண்டும் பின்னாடி, நல்லா இருக்கற பழசு முன்னாடி.

டயர் பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டி) நடுவுல இருக்கற பள்ளத்துல 1.6 மிமீ உயரத்துல ஒரு மேடு இருக்கும், அது வரைக்கும் தேய விடாதீங்க, மழைக்காலத்துக்கு 3 மிமீ வந்தாலே மாத்திடுங்க. 2024 ஃபெஞ்சல் புயல்ல வந்தது மாதிரி வெள்ளத்துல எந்த டயரும் காப்பாத்தாது, அன்னிக்கு வண்டியே எடுக்கக் கூடாது, நான் சொல்றது வழக்கமான மழைக்கு.

காத்து விஷயம் ஒண்ணு. சைடுவால்ல மேக்ஸ்னு இருக்கற நம்பருக்கு அடிக்காதீங்க, அது அந்த டயர் தாங்கற உச்சம். உங்க காருக்கு எவ்ளோன்னு டிரைவர் கதவத் தொறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும். அதையும் காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க, கடலூர் மஞ்சக்குப்பத்துல கெளம்பி பாண்டி மரப்பாலம் வரைக்கும் ஓட்டிட்டுப் பாத்தா காத்து ஜாஸ்தியா காட்டும், அத நம்பி எறக்கி விட்டீங்கன்னா மறுநாள் கம்மிக் காத்தோட மழைல போயிட்டிருப்பீங்க.