சாம்பிராணிக்குக் கத்தாத புகை அலாரம்

மின்விசிறியும் விளக்கும் மாட்டுவது என் தொழில். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் ஏணி போட்டு ஏறும்போது ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். சீலிங்கில் வட்டமான அடித்தட்டு மட்டும் இருக்கும், அலாரம் இருக்காது. கேட்டால், "சும்மா சும்மா கத்துது தம்பி, கழற்றி அலமாரியில போட்டுட்டேன்" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அலாரத்தில் கோளாறு இருக்காது. தாளிக்கிற சமையலறையின் வாசலுக்கு நேரே மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் புகை அலாரம் கட்டாயம். பழைய வீடு என்றால், தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கு வரைபடம் சமர்ப்பிக்க வேண்டிய தீப்பாதுகாப்பு வேலை செய்யும்போதுதான் அந்த விதி பொருந்தும். மற்றவர்களுக்கு அது அவரவர் விருப்பம். என் கருத்தில், பெரியவர்களோ குழந்தைகளோ இருக்கும் வீட்டில் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஈஎன் 14604 (EN 14604) என்ற தர எண் போட்டிருக்க வேண்டும். இந்தத் தரத்தில் உள்ள அலாரம் மூன்று மீட்டர் தூரத்தில் குறைந்தது 85 டெசிபல் சத்தம் போடும். அடுத்து, ஒளியால் புகையைக் கண்டறியும் ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு சின்ன ஒளிக்கற்றை ஓடிக்கொண்டிருக்கும். புகைத்துகள் நுழைந்ததும் ஒளி சிதறி உணரியில் விழும், உடனே அலாரம் அடிக்கும். மெத்தை, சோபா, மின்கம்பி உறை போன்றவை புகைந்து புகைந்து எரியும் தீயை இந்த வகை சீக்கிரம் பிடிக்கும்.

பேட்டரியில் நான் எப்போதும் சொல்வது, பத்தாண்டு லித்தியம் பேட்டரி உள்ளேயே மூடப்பட்ட அலாரம். 9 வோல்ட் பேட்டரி போடும் அலாரம் விலை மலிவுதான். ஆனால் குழந்தையின் பொம்மைக்குப் பேட்டரி வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் கை போகும். கைபேசிக்குச் செய்தி அனுப்பும் அலாரங்களும் கிடைக்கின்றன. வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு அது உதவும். வைஃபை நின்றாலும் தானே சத்தம் போடுகிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இனி இடம். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

தீ எங்கே பிடிக்கும் என்று யோசித்து மாட்டாதீர்கள், யார் எங்கே தூங்குகிறார்கள் என்று யோசித்து மாட்டுங்கள். இங்கே வீட்டுத் தீவிபத்துகளுக்கு முக்கியக் காரணம் அடுப்பில் வைத்துவிட்டு மறந்த சமையல்தான். ஆனாலும் சமையலறைக்குள் புகை அலாரம் வேண்டாம். மிளகாய் வறுக்கும் நாளெல்லாம் கத்தினால் ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும். அங்கே அவசியம் வேண்டுமென்றால் வெப்ப அலாரம் இருக்கிறது. புகையை அது கண்டுகொள்ளாது, வெப்பம் ஏறினால் மட்டுமே அடிக்கும்.

நாலறை, ஐந்தறை வீடுகளில் படுக்கையறைகளுக்குப் போகும் நடைவழியின் சீலிங்தான் என் முதல் தேர்வு. தப்பித்து ஓடும் வழியும் அதுதான். சமையலறை வாசலிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். சுவர், விளக்கு இரண்டிலிருந்தும் முப்பது சென்டிமீட்டர் விடுங்கள். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் காற்று அசையாது, புகை அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். விசிறி இறக்கையின் நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளுங்கள். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடமும், நீராவி வரும் குளியலறை வாசலும் ஆகாது.

பூஜை மாடம் நடைவழியிலேயே இருந்தால் சிக்கல்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் வீட்டில் "சாமிக்கு முன்னாடி இது என்னப்பா கூச்சல்" என்று ஒரு பாட்டி என்னிடமே கோபித்துக்கொண்டார். அலாரத்தை நடைவழியின் மறுகோடிக்கு, அவர் அறை வாசல் பக்கம் நகர்த்தினேன். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூபம் காட்டச் சொன்னேன். பிறகு புகார் வரவில்லை. நிறுத்து பொத்தான் உள்ள அலாரமாக இருந்தால் இன்னும் நல்லது. அதை அழுத்தினால் பத்து நிமிடம் போல அமைதியாக இருந்துவிட்டு, தானே மறுபடி விழித்துக்கொள்ளும்.

மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏர்கானைப் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒருவர் சோதனைப் பொத்தானை அழுத்தட்டும். தூக்கத்தில் எழுப்பும் அளவுக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால் அறைக்குள்ளும் ஒன்று வேண்டும். ஒன்று அடித்தால் மற்றதும் சேர்ந்து அடிக்கும்படி கம்பியில்லாமல் இணைக்கும் வகை இதற்குச் சரி. வயதானவர்களுக்குக் கீச்சென்ற சத்தம் காதில் விழுவது குறைவு; 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி அவர்களை நன்றாக எழுப்பும். காது கேளாதவர்களுக்குத் தலையணைக்கடியில் அதிரும் கருவியும் மின்னும் விளக்கும் உண்டு. மின்சைக்கிள் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் செய்கிறவர்கள், அந்த இடத்துக்கும் ஒன்று போடுங்கள். வாசற்கதவுப் பக்கம் வைத்து, இரவெல்லாம் சார்ஜ் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. சீலிங் கான்கிரீட் என்பதால் ஹேமர் டிரில் வேண்டும். அடித்தட்டை வைத்துப் பென்சிலில் குறித்து, துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணியை முறுக்கி, அலாரத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டியதுதான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூசு முகத்தில்தான் விழும். பசை டேப்பில் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தயாரிப்பாளரே பெட்டியில் பசை கொடுத்திருந்தால் ஒட்டுங்கள். மற்றபடி நம் ஊர் ஈரத்தில் பெயின்ட்டோடு உரிந்து விழும்.

பராமரிப்புக்கு மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துங்கள். ஏணி வேண்டாம், துடைப்பக் கட்டையே போதும். ஆறு மாதத்துக்கொருமுறை வேக்குவம் கிளீனரின் மென்தூரிகையால் சுற்றிலும் தூசு எடுங்கள். சின்னப் பூச்சி உள்ளே போனாலும் காரணமில்லாமல் அடிக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ணம் பூசும்போது அலாரத்தின் மேல் பூசிவிடாதீர்கள். புகை நுழையும் துளைகள் அடைந்துவிடும். கொசுப்புகை அடிக்க வரும் நாளில் ஜன்னல்களைச் சாத்தினாலே போதும். அலாரத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால், அதை எடுக்கும்வரை மறக்காமலிருக்க வாசற்கதவில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் தீ இல்லை, பேட்டரி தீர்கிறது. நடுராத்திரியில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்; குளிரில் பேட்டரியின் சக்தி இறங்குவதே காரணம். புதுப் பேட்டரி போட்டும் கீச் நிற்கவில்லையா? பின்னாலுள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் ஆகிவிட்டால் உணரியே தேய்ந்திருக்கும், முழுதாக மாற்றிவிடுங்கள். மாட்டும்போதே மாற்ற வேண்டிய ஆண்டை விளிம்பில் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுவது என் பழக்கம். எரிவாயு கசிந்தால் இந்த அலாரம் அடிக்காது. அதற்கு மூக்குதான்.

பணிப்பெண் இருந்தால் சத்தத்தை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். நிஜமாகவே அடித்தால் எல்லாரையும் எழுப்பி, வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 995 கூப்பிடச் சொல்லுங்கள். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டுதான். வாசல் கேட் சாவி இரவில் எங்கே இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.