கேரவன் இழுக்க ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ்: ஊட்டி மலைக்கு எந்த வண்டி பாக்கலாம்

கேரவன் ட்ரெய்லர் ஒண்ண மாட்டி இழுத்துட்டுப் போக ஆட்டோமேட்டிக் ஃபோர் பை ஃபோர் வாங்கணும்னு கேக்கறவங்க எல்லாருமே முதல்ல பவர் எவ்ளோ, டார்க் (இழுவிசை) எவ்ளோன்னுதான் ஆரம்பிக்கறாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்றவங்க அத ரெண்டாவதா கேளுங்க. ஏத்தத்துல பவர் பத்தலன்னா மெதுவா போவீங்க, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், ஓரங்கட்டி வழி விட்டா முடிஞ்சுது. எறக்கத்துல ஒரு டன் ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்றப்போ வண்டி புடிச்சு நிக்கணும், அங்கதான் உயிர் இருக்குது. அதனால எறங்கறதுக்கு எது நல்லதுன்னு பாத்து வாங்குங்க, எறங்கறதுக்கு சரியா அமைஞ்ச வண்டி பெரும்பாலும் ஏறவும் ஏறிடும்.

முதல்ல கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக்னு பொதுவா சொல்றோம், ஆனா உள்ள இருக்கறது நாலு வகை. ஏஎம்டிங்கறது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்ச அமுக்கி கியர் மாத்தறத உங்களுக்குப் பதிலா மெஷின் செய்யுது, வளைவுல நின்னு லோடோட எடுக்கறப்போ கிளட்ச் வழுக்கி வாசம் வந்துரும், இழுவைக்கு வேண்டவே வேண்டாம். சிவிடில தனித்தனி கியருக்குப் பதிலா பெல்ட் இருக்கு, கனமான லோடுக்கு ஆகாது. டிசிடி, அதாவது ரெண்டு கிளட்ச் உள்ளது, ஓட்ட நல்லாதான் இருக்கும், ஆனா சீசன்ல குன்னூர் போற வழில பர்லியார் தாண்டி வண்டி வரிசையில ஊர்ந்து ஊர்ந்து போறப்போ, அதுலயும் ஆயில்ல முங்காத டிரை கிளட்ச்னா, சூடாகி டேஷ்போர்டுல வார்னிங் வர வாய்ப்பு ஜாஸ்தி. கேரவனுக்கு டார்க் கன்வர்ட்டர்தான். நின்ன எடத்துல இருந்து எடுக்கறப்போ கிளட்ச் தேயற பேச்சே இல்ல, லோடு எல்லாம் ஆயில் வழியா போகுது. ஆனா அந்த ஆயிலும் சூடாகும், அதனால கியர்பாக்ஸ் ஆயிலுக்கு தனி கூலர் இருக்கான்னு ஷோரூம்ல கேளுங்க, சேல்ஸ் பையனுக்குத் தெரியலன்னா சர்வீஸ்ல போய் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்.

அதோட மேனுவல் மோட் கண்டிப்பா இருக்கணும். டெஸ்ட் டிரைவ்ல எல்லாரும் மேல ஏத்தித்தான் பாக்கறாங்க, நீங்க எறக்கிப் பாருங்க. ரெண்டாவது கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க. ஆர்பிஎம் (எஞ்சின் சுத்தற வேகம்) ஏறினாலும் கியர் மாறாம அங்கயே புடிச்சு நிக்குதா, இல்ல தானா மூணுக்குப் போயிருதா? சில வண்டிங்க நீங்க கேக்காமலே மேல் கியருக்குப் போயிரும், அது கேரவனுக்கு ஒத்து வராது. ஏன்னா முழு எறக்கத்தையும் பிரேக்கிலயே எறங்குனா பேடு சூடாகி, ஒரு கட்டத்துல மிதிச்சாலும் வண்டி நிக்காது. குன்னூருக்கு கீழ ஓரமா நிக்கற வண்டிங்க வீல்ல இருந்து வர்ற அந்தக் கருகுன வாசம் இந்தப் பக்கம் ஓட்டறவங்களுக்கு எல்லாம் தெரியும்.

அடுத்தது வெயிட். இழுக்கற வண்டி ட்ரெய்லர விட கனமா இருக்கணும். வண்டியோட கெர்ப் வெயிட்ல (ஆளும் சாமானும் ஏறாத எடை) 85 சதவீதத்துக்குள்ள லோடு ஏத்துன கேரவன் இருக்கட்டும்னு வெளிநாட்டுல சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. நம்ம ரோட்டுக்கு நான் பாதிக்கு மேல போக மாட்டேன். ரெண்டு டன் வண்டின்னா ஒரு டன் கேரவன், தண்ணி டேங்க், கேஸ் சிலிண்டர், மெத்தை, சாமான் எல்லாம் சேத்து. காலி வெயிட்ட நம்பாதீங்க, சாமான் எல்லாம் ஏத்திட்டு எடை மேடையில ஒரு தடவ நிறுத்திப் பாருங்க. கேரவன் மூக்கு ஹிட்ச் (வண்டி பின்னாடி ட்ரெய்லர மாட்டற கொக்கி) மேல அழுத்தற எடை மொத்தத்துல பத்துல ஒரு பங்கு போல இருந்தா ஆடாம வரும், பின்னாடி லோடு ஜாஸ்தி ஆச்சுன்னா வால் ஆட ஆரம்பிச்சுரும். வண்டி மேனுவல்ல எவ்ளோ இழுக்கலாம்னு போட்டிருக்கும், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒண்ணு, பிரேக் இல்லாததுக்கு ஒண்ணு. அப்படி எதுவுமே போடலன்னா கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க, கெடைக்கலன்னா அந்த வண்டிய விட்டுருங்க.

வண்டிங்களப் பாத்தோம்னா, ஜிம்னி எனக்கு ரொம்பப் புடிச்ச வண்டி, ஆனா கேரவனுக்கு இல்ல. 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்ல, 134 நியூட்டன் மீட்டர் டார்க், நாலு கியர் ஆட்டோமேட்டிக், எடையும் சுமார் 1,200 கிலோதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு சுமார் பத்து சதவீதம் பவர் இழக்கும், மேல வர்றப்போ அஞ்சுல ஒரு பங்கு போயிருக்கும். தார் மூணு டோர் வண்டிக்கு பவர் இருக்கு, ஆனா வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 2,450 மில்லிமீட்டர்தான், சின்ன வண்டிய ட்ரெய்லர் சுலபமா திருப்பி விட்டுரும். தார் ராக்ஸ் 2,850, ஸ்கார்ப்பியோ என் 2,750, ரெண்டுலயும் டீசல் ஆட்டோமேட்டிக் ஃபோர் பை ஃபோர் வருது, ஒரு டன் ட்ரெய்லருக்கு பட்ஜெட்டுக்குள்ள பாக்கணும்னா இந்த ரெண்டுல ஆரம்பிக்கலாம். ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர், எடையும் ரெண்டு டன்னுக்கு மேல, காசு இருந்தா யோசிக்காம எடுங்க. இசூசு வி-கிராஸ், ஹைலக்ஸ் ரெண்டும் இழுக்கப் பொறந்த வண்டிங்கதான், ஆனா வீல்பேஸ் மூணு மீட்டர் தாண்டுது, அதுக்குப் பின்னாடி கேரவனும் சேந்தா கொண்டை ஊசி வளைவுல முழு ரோடும் வேணும், எதுத்தாப்ல பஸ் வந்தா கஷ்டம்.

ஃபோர் வீல் டிரைவ் பத்தி ஒண்ணு. மேல சொன்னது எல்லாமே பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர், முன் வீலையும் பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் நடுவுல கெடையாது. காஞ்ச தார் ரோட்டுல 4எச் (நாலு வீலுக்கும் பவர் போற சாதா ரேஞ்ச்) போட்டு வளைவு திரும்புனா ஸ்டியரிங் இறுகி டயர் இழுத்துட்டு வரும், கியர் பார்ட்ஸ் கெட்டுரும். மலை ரோட்டுல டூ வீல் டிரைவ்லயே போங்க. ஃபோர் வீல் வேண்டியது எஸ்டேட் உள்ள போற மண் ரோட்டுக்கும், ஐப்பசி மழையில செம்மண்ணு கொழகொழன்னு ஆன ஹோம்ஸ்டே வாசலுக்கும்தான். அங்க 4எல் (மெதுவா, ஜாஸ்தி இழுவையோட நகர்ற லோ ரேஞ்ச்) இருந்தா கேரவன இஞ்ச் இஞ்சா ரிவர்ஸ் எடுக்கலாம், அதுக்காகவே லோ ரேஞ்ச் இல்லாத ஏடபிள்யூடி (ஆல் வீல் டிரைவ்) வண்டிய நான் சொல்ல மாட்டேன்.

கேரவன் வாங்கறப்போ பிரேக் எந்த வகைன்னு கேளுங்க. ஓவர்ரன் பிரேக்னா ட்ரெய்லர் முன்னாடி தள்றப்போ தானா புடிக்கும், நீள எறக்கத்துல அது விடாம புடிச்சுட்டே இருந்து சூடாகும். எலக்ட்ரிக் பிரேக் போட்டு டிரைவர் கைக்கு எட்டற மாதிரி கண்ட்ரோலர் வெச்சுக்கிட்டா நல்லது. ஹிட்ச் சேசிஸ்ல போல்ட் ஆகியிருக்கணும், பம்பர்ல இல்ல. ட்ரெய்லருக்கு தனி ஆர்சி வேணும்.

நிறுத்தறப்போ இன்னொரு பழக்கம். சரிவுல பிரேக்க மிதிச்சுட்டே நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்க முழுசா இழுத்து, மெதுவா பிரேக்க விட்டு வண்டி அதுல உக்காந்ததும் அப்புறம் பி (பார்க்கிங்) போடுங்க. நேரா பி போட்டா மொத்த லோடும் கியர்பாக்ஸ் உள்ள இருக்கற ஒரு சின்னப் பல்லு மேல நிக்கும், திரும்ப எடுக்கறப்போ டக்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது அந்தப் பல்லு விடுபடற சத்தம். கூடவே வீலுக்கு கட்டையும் வெச்சுருங்க.

ரூட்டுக்கு, சீசன்ல குன்னூர் வழி ஏறி கோத்தகிரி வழி எறங்க விடுவாங்க, மத்த நாள்லயும் கேரவனோட எறங்கறதுக்கு நான் கோத்தகிரி ரோட்டத்தான் சொல்லுவேன். மசினகுடி போறவங்க கல்லட்டி பக்கமே போகாதீங்க, 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிய எறங்க விடறதும் இல்ல, நீலகிரியோட டிஎன் 43 நம்பர் வெச்சிருந்தாலும் கேரவனோட வேண்டாம். கூடலூர் சுத்திப் போங்க, நேரம் ஜாஸ்தி ஆகும், பரவால்ல. வெளி மாவட்ட நம்பர்னா கெளம்பறதுக்கு முன்னாடி இ-பாஸ் எடுத்துக்கோங்க.