யுரேனஸின் மீத்தேனை மொட்டை மாடியிலிருந்து தேடுவது எப்படி?

பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யுரேனஸ் அந்நியக் கோள் அல்ல. 1977 மார்ச் 10 அன்று அது ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தபோது, அதன் வளையங்களின் தடயத்தை ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகமும் பதிவு செய்தது. அந்தக் கோளின் காற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் பெரும்பங்கு. மீத்தேன் சில விழுக்காடே. அந்தச் சிறு பங்கு சிவப்பொளியை விழுங்குவதால்தான் யுரேனஸ் நீலப்பச்சையாகத் தெரிகிறது. அந்த விழுங்கலை நாமே அளக்கலாம்.

தேவையானவை: 6 அங்குலத் தொலைநோக்கி, வானத்தின் நகர்வைத் தொடரும் தாங்கி, கறுப்பு வெள்ளை கேமரா, அதன் முன் திருகி மாட்டும் கிரேட்டிங், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட தகடு (மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் போதும்).

முதலில் காலம். யுரேனஸ் இந்த ஆண்டுகளில் ரிஷப நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்த தை மாத மாலைகளில் வேலூரில் அது ஏறக்குறைய உச்சிக்கே வருகிறது. ஒளி நம் காற்றை மெல்லிய அளவே கடக்கும். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. நகர விளக்குகள் தொந்தரவு செய்தால் ஆலங்காயம் பக்கம் போய்விடுங்கள்.

அடுத்து சிரியஸ் நட்சத்திரத்தைப் படமெடுங்கள். நட்சத்திரப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒளிப்பட்டையாக நீளும் நிறமாலையில் ஹைட்ரஜனின் கருங்கோடுகள் 486, 656 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும். அவற்றை வைத்து அளவுகோலை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு யுரேனஸைப் பல நிமிடங்கள் படமெடுத்து, அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

இனி வருவதுதான் உயிர்நாடி. யுரேனஸின் ஒளி சூரியனிடமிருந்து வந்தது. நம் காற்றையும் கடந்தது. அதனால் 687, 760 நானோமீட்டரில் தெரியும் பள்ளங்கள் நம் தலைக்கு மேலுள்ள ஆக்சிஜனுடையவை. கோளுக்கு அவற்றில் பங்கே இல்லை. இதைக் களைய, அதே இரவில் அதே உயரத்தில் சூரியனை ஒத்த ஒரு ஜி வகை நட்சத்திரத்தையும் படமெடுத்து, யுரேனஸின் நிறமாலையை அதனால் வகுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுக் கண்டுபிடித்ததாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். செவ்வாயின் மீத்தேனைப் பூமியிலிருந்து தேடியவர்களுக்கும் நம் காற்றிலுள்ள மீத்தேன்தான் பெரும் தடையாக இருந்தது.

வகுத்தபின் எஞ்சும் வளைகோட்டில் 543, 619, 727 நானோமீட்டர் இடங்களைப் பாருங்கள். மூன்றிலும் அகன்ற பள்ளம் விழுந்தால் மீத்தேன்தான். 619-இல் மட்டும் தெரிந்து 727 வெறுமையாக இருந்தால் நம்ப வேண்டாம். வேறொரு ஒப்பீட்டு நட்சத்திரத்துடன் மறுநாள் மீண்டும் எடுங்கள்.