வனவிலங்குகளோடு பணியாற்ற வெளிநாடு போகும் கால்நடை மருத்துவ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்குக் கைப்பழக்கம் தேவை. ஊசி போட, ரத்தம் எடுக்க, தையல் போட எங்கே வாய்ப்புக் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருப்போம். இந்தத் தேடலைக் காசாக்கும் இடங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. "சிங்கக்குட்டிக்கு உங்கள் கையால் பால் கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடுவதுதான் முதல் தவறு. என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறும் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் அடைத்து வளர்க்கப்படும் சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படி வளர்க்கும் பல பண்ணைகளில், பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். அப்புறம் 'தாயில்லாக் குட்டி' என்று சொல்லித் தன்னார்வலர் கையில் பால்புட்டியைக் கொடுக்கிறார்கள். வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள்ளேயே சுடும் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போயிருக்கின்றன. அந்நாட்டு அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே 2021-இல் இந்தத் தொழிலை நிறுத்தப் பரிந்துரைத்தது. ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: குட்டிகள் எங்கிருந்து வந்தன? தாய் எங்கே? இங்கே இனப்பெருக்கம் செய்கிறீர்களா? போன ஆண்டு எத்தனை விலங்குகள் காட்டுக்குத் திரும்பின? நேர்மையான மையம் இதற்கெல்லாம் கோபப்படாது, கணக்கை எடுத்துக் காட்டும்.

"மாணவர்களே எல்லாச் சிகிச்சையும் செய்யலாம்" என்று ஒரு மையம் சொன்னால், அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பு முடியாதவர் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் சிகிச்சை செய்வதைப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், விலங்கை நினைத்துப் பாருங்கள். துரத்திப் பிடித்த மான், அந்த அலைக்கழிப்பிலேயே தசை சிதைந்து சில நாள் கழித்துக்கூடச் செத்துப்போகும். நாம் பழகிப் பார்ப்பதற்காக அதை இன்னும் பத்து நிமிடம் பிடித்துவைக்கச் சொல்வது நியாயமே இல்லை.

மயக்க மருந்து விஷயத்தில் அசட்டையாக இருந்தால் போவது நம் உயிர். காண்டாமிருகம், யானை போன்றவற்றுக்குப் பயன்படுத்தும் எட்டார்ஃபின், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. ஊசி தவறிக் கையில் குத்தினாலே ஆளைக் கொல்லக்கூடியது. அதன் வீரியத்தை முறிக்கும் மருந்து எங்கே இருக்கிறது, அதை மனிதருக்குப் போடத் தெரிந்தவர் யார் என்று தெரியாமல் அந்த ஊசிக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

விலங்கிடமிருந்து நமக்கு நோய் வரும் என்று படிக்கிறோம். நம்மிடமிருந்து அதற்குப் போகும் என்பதை மறந்துவிடுகிறோம். 2013-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில், மனிதருக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் வகை ஒன்று சிம்பன்சிக் கூட்டமொன்றில் பரவி, 56-இல் 5 சிம்பன்சிகள் இறந்தன. லேசாகத் தொண்டை கரகரத்தாலும் அன்றைக்குக் குரங்கினங்கள் பக்கம் போக வேண்டாம். 'காசு கட்டி வந்திருக்கிறோமே' என்று இருமலை மறைப்பது மன்னிக்க முடியாத தவறு.

ரேபிஸ் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் முன்தடுப்புக்கு, முதல் ஊசியும் அதிலிருந்து ஏழு நாள் கழித்து அடுத்ததும் என இரண்டு தவணை போட உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடென்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். விசாவும் அப்படியே: சம்பளமில்லாத தொண்டுக்கும் வேலை அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு, தாய்லாந்து அதில் ஒன்று. திரும்பும்போது நினைவுக்காக ஒரு இறகோ பல்லோ, ஆய்வுக்காக ரத்தத் துளி படிந்த கண்ணாடித் தகடோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அருகிவரும் உயிரினங்களென்றால் அதற்கு சைட்டிஸ் (அத்தகைய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதி வேண்டும்.

இன்னொன்று, சாண சோதனையையும் பிரேதப் பரிசோதனையையும் மட்டமான வேலை என்று ஒதுக்குவது. மாணவர் கைக்கு உண்மையிலேயே வேலை கிடைப்பது அங்கேதான். நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி முட்டைகளை எண்ணலாம், செத்த விலங்கின் ஒவ்வொரு உறுப்பையும் அவசரமில்லாமல் அறுத்துப் பார்க்கலாம், எந்த விலங்குக்கும் வலி இல்லை. போய்ச் சேர்ந்த முதல் நாளே, பிரேதப் பரிசோதனை நடக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள் என்று அங்குள்ள மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.