தெரிந்த பாட்டைப் பிடித்துக்கொண்டு தெரியாத இசைக்குப் போவது எப்படி

புதிதாக ஏதாவது கேட்க வேண்டும் என்ற ஆசையோடு இசைச் செயலியைத் திறக்கும் பலர், அரை மணி நேரத்துக்குள் பழைய பாட்டுகளுக்கே திரும்பிவிடுகிறார்கள். இதில் அவர்களுடைய ரசனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாட்டைக் கேட்டவர்கள் வேறு எவற்றையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கைத்தான் இத்தகைய செயலிகள் பெரிதும் நம்பியிருக்கின்றன. தமிழ்ப் பாட்டைக் கேட்பவர்கள் அடுத்தும் தமிழ்ப் பாட்டையே கேட்பதால், அந்தக் கணக்கு நம்மைச் சுற்றிச் சுற்றி அதே தெருவுக்குள் நடக்கவிடுகிறது. வெளியே போக வேண்டுமானால் வழியை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

‘உலகின் சிறந்த நூறு இசைத்தொகுப்புகள்’ என்பது போன்ற பட்டியல்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பட்டியலில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உறவு இல்லை. பத்தாவதைக் கேட்கும்போது முதலாவது மறந்துபோயிருக்கும். ஏற்கெனவே மனத்துக்கு நெருக்கமான ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஓர் இழையை, அதாவது வாசித்தவரை, வாத்தியத்தை, ராகத்தை அல்லது தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அது எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குப் போவதுதான் நிலைத்து நிற்கும் வழி. ஒரு மாதத்துக்கு ஓர் இழை போதும்.

வாசித்தவரைப் பின்தொடருங்கள்

பாடியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வாசித்தவர் யார் என்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் மொழி தாண்டி அதிகம் பயணம் செய்பவர்கள் வாசிப்பவர்களே. கச்சேரிகளில் கடம் கேட்டவர்களுக்கு விக்கு விநாயக்ராமின் பெயர் பழக்கமானது. அவர் 1970களில் ஜாஸ் கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், வயலின் கலைஞர் எல். சங்கர் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. கடத்தைத் துணையாகக் கொண்டு அதைக் கேட்கத் தொடங்குபவர், ஜாஸ் கித்தார் என்னும் பெரிய உலகத்தின் வாசலில் தம்மை அறியாமலேயே நின்றுகொண்டிருப்பார்.

அதே விநாயக்ராம், அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பிலும் வாசித்திருக்கிறார். உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது 1992இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது இத்தொகுப்புதான். அதில் அவரோடு இருந்தவர்களைப் பாருங்கள்: நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுன்ஜியும் சிக்கிரு அடெபோஜுவும், பிரேசிலின் ஐர்தோ மொரேரா, புவேர்ட்டோ ரிக்கோவின் ஜோவானி இதால்கோ. ஒரே தட்டிலிருந்து மூன்று நாடுகளுக்குக் கதவு திறக்கிறது. இவர்களில் அடெபோஜு வாசிக்கும் ‘பேசும் முரசு’ தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். அது இடை சிறுத்த தோல்வாத்தியம். இரு முகங்களையும் இணைக்கும் கயிறுகளைக் கையிடுக்கில் வைத்து அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். உடுக்கையின் நடுக்கயிற்றைப் பிடித்து நெருக்கும்போது நடப்பதும் இதுவே. நைஜீரியாவில் பேசப்படும் யோருபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளும் மாறும் என்பதால், அந்த முரசு உண்மையாகவே சொற்றொடர்களைப் பேசிக் காட்டுகிறது.

இதைச் செய்ய அதிக முயற்சி தேவையில்லை. செயலியில் பாட்டின் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் பல பாட்டுகளுக்குக் கலைஞர்களின் பெயர்கள் கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தொகுப்பின் பெயரைத் தேடுங்கள். தட்டின் பின்னட்டையில் அச்சிட்ட பெயர்கள் அங்கே வாத்திய வாரியாக இருக்கும், ஒவ்வொரு பெயரையும் தொட்டால் அவர் வாசித்த மற்றத் தட்டுகள் வரிசையாக வரும்.

ஒரு வாத்தியத்தோடு தங்குங்கள்

நான் நடந்து பார்த்த இன்னொரு வழியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோட்டுவாத்தியத்தின் வழுக்கும் நாதம் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். தந்தியின் மேல் கட்டையை இழுத்து வாசிக்கும் அந்த முறை, விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணைக்குக் கொண்டுபோனது. அவர் அமெரிக்க ஸ்லைடு கித்தார்க் கலைஞர் ரை கூடருடன் 1992இல் ஒரு தேவாலயத்தில் வாசித்துப் பதிவுசெய்த இசை, மறு ஆண்டு ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற பெயரில் வெளிவந்தது. ரை கூடரின் பெயரைத் தொடர்ந்தபோது, 1994இல் மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேயுடன் அவர் செய்த ‘டாக்கிங் திம்பக்து’ கிடைத்தது. நைஜர் ஆற்றங்கரையிலுள்ள நியாஃபுன்கே என்ற ஊரில் விவசாயம் செய்துகொண்டே பாடியவர் டூரே. தம்மைச் சுற்றியிருந்த மக்களின் பல மொழிகளில் பாடினார். அவருடைய பெயரைப் பற்றிக்கொண்டு போனதில், 2005இல் துமானி ஜபாட்டேயுடன் அவர் வாசித்த தொகுப்பு வந்தது. அங்கேதான் கோராவை முதன்முதலாகக் கேட்டேன்.

கோரா என்பது பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட கழுத்தைச் செருகி, 21 தந்திகள் கட்டிய வாத்தியம். வாசிப்பவர் அதைத் தம்மை நோக்கி நிறுத்திக்கொண்டு, இரு கைகளின் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் மட்டும் மீட்டுகிறார். துமானி 1988இல் வெளியிட்ட ‘கைரா’ என்ற தொகுப்பில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பின்னர் ஒலியைச் சேர்த்து ஒட்டிய வேலையும் இல்லை. ஆனால் முதன்முறை கேட்டபோது மூன்று பேர் வாசிப்பதாகவே எண்ணினேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு கீழ்ச்சுருதித் தந்திகளை மட்டும் கவனித்தால், ஒரே சிறு வட்டம் விடாமல் திரும்பத் திரும்ப வருவது கேட்கும். கோரா வழங்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா மொழியில் அதற்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் திடீரென்று மேலிருந்து கொட்டும் சுர வரிசைகளைப் பிரிமிந்திங்கோ என்கிறார்கள். இந்த இரண்டையும் தனித்தனியே காது பிரித்துவிட்டால், பிறகு எந்தக் கோரா இசையும் அந்நியமாக இருக்காது.

கோரா வாசிப்பவர்கள் பரம்பரையாக அக்கலையைக் காப்பவர்கள். அரசர்களின் குலவரலாற்றைப் பாடி, புகழ்ந்து, பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். பத்துப்பாட்டில் பாணரையும் பொருநரையும் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை யாரும் விளக்கவேண்டியதில்லை. பழைய உரைகளில் சொல்லப்படும் பேரியாழுக்கும் நரம்புகள் 21. இரண்டு வாத்தியங்களுக்கும் வரலாற்று உறவு உண்டு என்று சொல்ல இது ஆதாரமாகாது. இருப்பினும், ஒலி மறைந்துபோன ஒரு யாழைப் பற்றி ஏட்டில் மட்டுமே படித்துவந்த எனக்கு, யாழிசைத்துப் பாடும் குடிகளின் உலகம் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க அந்த இசை இடம் கொடுத்தது.

ராகத்தை எடுத்துக்கொண்டு போங்கள்

கொஞ்சம் சுரஞானம் உள்ளவர்களுக்கு இது மிகச் சுருக்கமான வழி. மோகனம் இந்துஸ்தானியில் பூபாளி, கல்யாணி யமன், இந்தோளம் மால்கோன்ஸ். இதுவரை போனவர்கள் பலர். இன்னும் மேற்கே போனால், எத்தியோப்பியாவின் திசிதா என்ற இசை முறையின் ஒரு வகை, மோகனத்தின் அதே ஐந்து சுரங்களால் ஆனது. அதில் காந்தாரத்தையும் தைவதத்தையும் மட்டும் ஒரு படி இறக்கினால், சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் கொண்ட இன்னொரு திசிதா கிடைக்கும். அம்ஹாரிக் மொழியில் திசிதா என்றால் நினைவு, ஏக்கம். அந்த முறைக்கும், அதில் பாடப்படும் பாட்டுக்கும், அது எழுப்பும் உணர்வுக்கும் ஒரே பெயர்தான். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அடிஸ் அபாபாவில் வெளியான இசைத்தட்டுகளை ‘எத்தியோப்பிக்ஸ்’ என்ற தொகுப்புவரிசை மீட்டுத் தந்திருக்கிறது. அதன் நான்காம் தொகுதியான முலாத்து அஸ்தாத்கேயின் வாத்திய இசையிலிருந்து தொடங்கலாம். வரிகள் இல்லாததால் மொழி குறுக்கே நிற்காது. முதலில் மோகனத்தின் ஆரோகண அவரோகணத்தை இரண்டு முறை வாய்விட்டுப் பாடிவிட்டுக் கேளுங்கள். அதே சுரங்கள் கமகம் இல்லாமல், வேறு இடங்களில் நின்று, முற்றிலும் வேறொரு முகம் காட்டுவது புரியும்.

சரளி வரிசையில் எல்லோரும் பாடத் தொடங்கும் மாயாமாளவகௌளைக்கும் இப்படியொரு பயணம் உண்டு. அரபு இசையில் நம் ராகம் போன்றது மகாம்; ஹிஜாஸ்கார் என்ற மகாமில் அதே ஏழு சுரங்கள் வருகின்றன. ஆனால் அரபு இசையின் வேறு பல மகாம்களில் நம் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு இடையே விழும் சுரங்கள் இருப்பதால், முதலில் சுருதி விலகியதுபோல் தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். கூடவே முணுமுணுத்துப் பார்த்தால், நான்கைந்து நாளில் அந்தச் சுரம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று குரலே சொல்லும்.

தாளமும் மொழியும்

‘சுராங்கனி’ பாட்டைக் கேட்டு ஆடாத தமிழ்க் கல்யாண வீடு குறைவு. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய அந்தப் பாட்டு இலங்கையின் பைலா வகையைச் சேர்ந்தது. பைலா என்ற பெயரே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் காலம் முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களும், போர்த்துக்கீசியர் வழிவந்த கலப்பினத்தவரான பறங்கியரும் வளர்த்த கப்ரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டுக்கு, 1940களில் வாலி பஸ்தியன் என்ற காவல்துறை ஊழியர் சிங்கள வரிகள் அமைத்துப் பாடத் தொடங்கினார். அந்தத் துள்ளலான ஆறெட்டுத் தாளம் நம் கூத்துப்பாட்டின் திஸ்ர நடைக்குப் பக்கத்தில் இருப்பதால் கால் தானாக அசையும். மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்கள் வயலினோடு ஆடும் கப்ரிஞ்ஞாவையும், போர்த்துக்கீசியம் கலந்து உருவான அவர்களுடைய கிரியோல் மொழிப் பாட்டுகளையும் தேடிக் கேளுங்கள். அங்கிருந்து, போர்த்துக்கீசியக் கப்பல்கள் போன மற்றொரு கரையான, மேற்கு ஆப்பிரிக்காவை அடுத்த கேப் வெர்ட் தீவுகளுக்குப் போகலாம். அங்கும் கிரியோல்தான். மிந்தேலோ நகரில் பிறந்த செசாரியா எவோரா பாடிய, மோர்னா என்ற அத்தீவுகளின் பாட்டுகள் துள்ளுவதில்லை; கடல் தாண்டிப் போனவர்களை நினைத்து மெல்ல அசைகின்றன. 1992இல் வந்த ‘மிஸ் பெர்ஃபுமாடோ’ தொகுப்பு நல்ல தொடக்கம்.

மொழி தெரியாத பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை இது: பாட்டுக்கு ஒரு சொல் கற்றுக்கொள்ளுங்கள். எவோராவிடம் ‘சொடாட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பிரிந்ததை எண்ணி வரும் ஏக்கம் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல் காதில் விழும் ஒவ்வொரு முறையும் பாட்டில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெளிவாகும். மொழிபெயர்ப்பைப் பாட்டுக்கு முன்போ பின்போ ஒருமுறை படியுங்கள். பாட்டு ஓடும்போது படித்தால் கண் கேட்கும், காது ஓய்ந்துவிடும்.

கேட்கும் முறை

புதிய தொகுப்பை ஒரே வாரத்தில் நான்கு முறை கேட்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். முதல்முறை வேறு வேலைக்கிடையே ஓடட்டும். பிடித்ததா என்று அப்போது தீர்மானிக்கக் கூடாது. இரண்டாம் முறை அமர்ந்து, தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, சமம் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு வாத்தியம். நான்காம் முறைதான் முழுப் பாட்டு. அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் முப்பது வினாடியில் அடுத்ததற்குத் தாவுவது, உங்களுக்கு இது வேண்டாம் என்று செயலிக்கும் சொல்லிக் கொடுப்பதாகும். இந்தப் பயணத்துக்கென்று தனி ப்ளேலிஸ்ட் ஒன்று வைத்துக்கொண்டு, செயலியின் பரிந்துரைகளை அதிலிருந்தே கேட்டுப் பெறுங்கள். பத்துப் பதினைந்து பாட்டுகள் சேர்ந்த பின் அவை வியக்கத்தக்க அளவு திருந்துகின்றன.

தேடும்போது கலைஞரின் பெயரை அவருடைய எழுத்திலேயே தேடுவது பெரிய பயன் தரும். விக்கிப்பீடியாவில் எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் அரபியைத் தேர்ந்தெடுத்து, தலைப்பை நகலெடுத்து யூடியூபில் ஒட்டினால், துண்டுகளுக்குப் பதிலாக ஒரு மணி நேரம் நீளும் முழுக் கச்சேரிகள் வரும். ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தில் பழைய தட்டுகளோடு வந்த விளக்கக் குறிப்பேடுகளை இலவசமாகத் தரவிறக்கலாம். பாடியவர் யார், எந்தச் சடங்கில் பாடப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ரேடியோ கார்டன் தளத்தில் பூகோள உருண்டையைச் சுழற்றி எந்த ஊரின் வானொலியையும் கேட்கலாம். நேர வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: நமக்கு இரவு பத்தரை என்றால் மாலியின் பமாகோவில் மாலை ஐந்து மணி, அடிஸ் அபாபாவில் இரவு எட்டு.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, தொகுப்பு, காதில் தங்கியது எது, அடுத்து எந்தப் பெயர் என்று நான்கு வரி போதும். என் நோட்டில் கடைசியாக இருக்கும் பதிவு ஐர்தோ மொரேராவைப் பற்றியது: ‘பெரிம்பாவ். வளைத்த கம்பு, ஒற்றைக் கம்பி, அடியில் சுரைக்குடுக்கை. குடத்தின் மேல் வில் வைத்து அடிக்கும் நம் வில்லுப்பாட்டோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும்.’