முதல் விமானம், முதல் போர்க்கப்பல்: ஸ்கேல் மாடல் கட்டும் வரிசை

எந்தத் துண்டு எங்கே ஒட்டும் என்று மாடல் துண்டுகள் அடங்கிய கிட்டோடு வரும் விளக்கத்தாள் தெளிவாகச் சொல்லிவிடும். எதை எப்போது வண்ணம் பூசுவது என்பதைத்தான் சொல்லாது. ஓரத்தில் ஒரு வண்ண எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். புதிதாகக் கட்டுபவர்களின் மாடல் கெடுவது கை நடுங்கியதால் என்பதைவிட, வரிசை தப்பியதால்தான் அதிகம். மூடி ஒட்டிய காக்பிட்டுக்குள் (விமானி அறை) தூரிகை நுழையாது. புகைபோக்கியையும் பீரங்கிகளையும் ஒட்டிய பிறகு அவற்றைச் சுற்றித் தளத்துக்கு மரநிறம் தீட்டுவது பொறுமைசாலியையும் அழவைக்கும்.

எந்த அளவு?

விமானத்துக்கு 1/72 (அசலின் நீளத்தில் 72-ல் ஒரு பங்கு), 1/48. கப்பலுக்கு 1/700, 1/350. இவைதான் பரவலான அளவுகள். இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர் கொண்ட ஸ்பிட்ஃபயர் போர்விமானம் 1/72-ல் 15.6 சென்டிமீட்டர். 263 மீட்டர் நீள யமாட்டோ போர்க்கப்பல் 1/700-ல் 37.6 சென்டிமீட்டர், 1/350-ல் முக்கால் மீட்டர், வைக்கவே இடம் தேட வேண்டும்.

முதலில் விமானம் கட்டுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஒற்றை எஞ்சின் விமானமாக இருக்கட்டும். மேலும் கீழுமாக இரட்டை அடுக்கு இறக்கை உள்ளது வேண்டாம். இடையில் கம்பிகள் கட்ட வேண்டியிருக்கும். வெள்ளி நிற உலோக உடலும் வேண்டாம். மேற்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் அது காட்டிக்கொடுக்கும். அடுத்து 1/700 கப்பல், அதிலும் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதி மட்டும் வரும் வாட்டர்லைன் கிட். ஜப்பானின் ஷிசுவோகா பகுதியைச் சேர்ந்த தமியா, ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் 1971-ல் கப்பல்களைப் பங்கு பிரித்துக்கொண்டு தொடங்கிய வரிசை இது. அடிப்பகுதி இல்லாததால் சிவப்புப் பூச்சுக்கு நேர்க்கோட்டில் டேப் ஒட்டும் வேலை மிச்சம்.

வெட்டுதல், ஒட்டுதல்

ஸ்ப்ரூ கட்டர், கூரான கத்தி, 400 முதல் 1000 வரை எண்ணுள்ள உப்புத்தாள், இடுக்கி, மாஸ்கிங் டேப். தொடங்க இவ்வளவு போதும். துண்டை ஸ்ப்ரூவிலிருந்து (துண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு சற்றுத் தள்ளி, இரண்டாவது வெட்டு நெருக்கமாக, மீதியை உப்புத்தாளால். துண்டின் விளிம்போடு ஒரேயடியாக வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும்.

பசை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பாலிஸ்டைரீன் கிட்டுக்கான நீர்ம சிமென்ட் உண்மையில் ஒட்டுவதில்லை, இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் முதலில் துண்டுகளைப் பசையின்றிப் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால், சேர்த்துப் பிடித்தபடியே தூரிகை நுனியால் இணைப்பைத் தொடுங்கள். நுண்துளை ஈர்ப்பால் பசை தானே இடுக்குக்குள் ஓடிவிடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். உடலின் இரு பாதிகளை ஒட்டும்போது மட்டும் மெல்ல அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் ஒரு கோடாகப் பிதுங்கும். ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது.

உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூ. கண்ணாடிப் பகுதிக்கு அது வேண்டாம், அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் பனி படியும். அங்கே பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசைதான் பாதுகாப்பு. எதை ஒட்டினாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

விமானம்: உள்ளிருந்து வெளியே

காக்பிட்டை முதலில் வண்ணம் பூசி முடித்து, பிறகு உடலை மூடுங்கள். மூக்குச் சக்கரத்தில் நிற்கும் விமானம் என்றால் மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் எடை வைக்க வேண்டும், இல்லையேல் வால் தரையில் உட்கார்ந்துவிடும். இறக்கையை ஒட்டியதும் நேர் முன்னாலிருந்து பாருங்கள். இரு பக்கமும் ஒரே சாய்வா? பசை இளகியிருக்கும்போதே திருத்தலாம்.

மேற்கூரைக் கண்ணாடியை டேப்பால் மறைத்து ஒட்டி, சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பிரைமரைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். வண்ணம் பிடிப்பதற்கு மட்டுமல்ல அது. தேய்க்காமல் விட்ட இணைப்புக்கோடு, கீறல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு வெளிர் நிறத்தில் அடிப்பக்கம், அதன்மேல் உருமறைப்பு நிறங்கள். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் நல்லது. சுத்தக் கறுப்பைத் தவிர்த்து, டயருக்குக்கூட அடர்சாம்பலே பூசுங்கள். சிறிய பொருளில் முழுக் கறுப்பு பொம்மைத்தனமாகத் தெரியும்.

இனி வருவதில் வரிசை மாறவே கூடாது: பளபளப்பு வார்னிஷ், டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம்), மறுபடி பளபளப்பு, வாஷ், கடைசியாக மேட் எனும் பளபளப்பற்ற வார்னிஷ். டிகாலுக்கு முன் பளபளப்பு எதற்கு? மேட் பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது. டிகாலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். டிகாலை வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் நனைத்து, வெளியே எடுத்துக் காத்திருங்கள். தாளிலிருந்து தானாக வழுக்கும்போது இடத்துக்கு நகர்த்துங்கள். அதன்மேல் மென்மையாக்கும் திரவம் தடவினால் முதலில் சுருங்கும். பதறித் தொட வேண்டாம், காயும்போது உடலில் உள்ள தகட்டு இணைப்புக் கோடுகளுக்குள் படிந்துவிடும்.

வாஷ் என்பது பள்ளங்களில் தேங்கிக் கோடுகளை எடுத்துக்காட்டும் நீர்த்த எனாமல் அல்லது எண்ணெய் வண்ணம். கீழே அக்ரிலிக் பூசியிருந்தால்தான் கவலையின்றித் துடைக்கலாம், ஏனென்றால் எனாமலைக் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட் நன்கு காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. இறக்கையில் காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். சக்கரம், புரொப்பல்லர், ஆன்டெனா எல்லாம் மேட் காய்ந்த பிறகே.

கப்பல்: தனித்தனியாக

கப்பலில் இந்த வரிசை அப்படியே செல்லாது. உடலும் தளமும் ஒன்று, மேற்கட்டுமானம் இரண்டு மூன்று தொகுதிகள், பீரங்கிக் கோபுரங்கள் பல்குத்தும் குச்சி முனையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தனியே வண்ணம் பூசி, வாஷ் முடித்து, பிறகே சேருங்கள். உடலின் பக்கவாட்டில் வாஷை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். துரு வழிவது அப்படித்தான்.

போட்டோ எட்ச் எனப்படும் மெல்லிய உலோகத் தகட்டுத் துண்டுகள்தான் 1/700 கப்பலுக்கு உயிர். இந்த அளவில் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மாலுமி வெறும் 2.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிய கைப்பிடி வேலியை வார்க்க முடியாது. தகட்டை மிருதுவான பாயில் வைத்து வெட்டினால் வளையும். கண்ணாடி அல்லது ஓட்டின் மேல் வைத்து, புது பிளேடால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வெட்டுங்கள், துண்டு தெறிக்கும். நீளத்தைத் தளத்தில் வைத்துப் பார்த்து, அணியத்தின் (கப்பலின் முன்முனை) வளைவுக்கு ஏற்பப் பென்சில் மேல் உருட்டி வளைத்து, பிறகே பசை. பழகும்வரை பி.வி.ஏ. பசையே நல்லது, நகர்த்தித் திருத்த நேரம் தரும். முதல் கப்பலுக்கு வேலி மட்டும் போதும். ரேடார், கிரேன் எல்லாம் அடுத்ததற்கு.

கடைசி வேலை ரிக்கிங், அதாவது கம்பங்களுக்கு இடையே கம்பிகள் கட்டுவது. 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி 1/700-ல் 0.03 மில்லிமீட்டர்கூட இல்லை, தலைமுடியைவிட மெல்லியது. தையல் நூல் கயிறாகத் தெரியும். மீந்துபோன ஸ்ப்ரூவை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டி இளக்கி, சுடரை விட்டு விலக்கி இரு பக்கமும் இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிய இழை, மெதுவாக இழுத்தால் தடித்தது. கறுப்பு ஸ்ப்ரூ என்றால் வண்ணமே தேவையில்லை. இரு முனைகளிலும் துளியளவு பசை வைத்து ஒட்டி, தொய்வு இருந்தால் கனலும் ஊதுபத்தியை இழையைத் தொடாமல் அருகே கொண்டுபோங்கள்; சுருங்கி விறைக்கும். மேட் வார்னிஷை இதற்கு முன்பே அடித்து முடித்திருக்க வேண்டும், ஸ்பிரேயின் வேகத்தை இந்த இழை தாங்காது.